‘தி லாங் குட்பை’: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ராபர்ட் ஆல்ட்மன் இயக்கத்தில் 1973-இல் வந்த துப்பறியும் படம் இது. முடிவைத் தொடாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி: இரண்டு முறை பார்த்தும் கதை பிடிபடவில்லை. சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

நள்ளிரவில் நண்பன் டெர்ரி லெனாக்ஸ் வந்து, மெக்சிகோ எல்லையில் இறக்கிவிடச் சொல்கிறான். துப்பறிவாளன் பிலிப் மார்லோ காரணம் கேட்காமல் கொண்டுபோய் விடுகிறான். வீடு திரும்பினால் போலீஸ் காத்திருக்கிறது; டெர்ரியின் மனைவி கொல்லப்பட்டிருக்கிறாள். பிறகு, டெர்ரி மெக்சிகோவில் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்தி. மார்லோ நம்ப மறுக்கிறான். நடுவே ஒரு குடிகார எழுத்தாளன், அவன் மனைவி, பணத்தைப் பறிகொடுத்த ஒரு தாதா. எல்லா வழியும் டெர்ரியிடம்தான் போய்ச் சேருகிறது. இதற்கு மேல் முடிச்சுகளைத் துருவ வேண்டாம். ஆல்ட்மனுக்கே அவற்றில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த மார்லோ எங்கே, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு திரியும் எலியட் கூல்ட் எங்கே! இவரை எப்படித் துப்பறிவாளர் என்று ஏற்பது?

இந்தப் படத்தின் சாவியே அங்கேதான் இருக்கிறது. படத்துக்கு மூலமான ரேமண்ட் சாண்ட்லரின் நாவல் 1953-இல் வந்தது. அந்த நாவலின் மார்லோ இருபது ஆண்டு தூங்கி, 1970-களின் லாஸ் ஏஞ்சல்ஸில் கண்விழித்தால் எப்படி இருப்பான் என்பதே ஆல்ட்மனின் கற்பனை. இருபது ஆண்டு தூங்கி எழும் அமெரிக்கக் கதைநாயகன் ரிப் வான் விங்கிளை நினைத்து, ‘ரிப் வான் மார்லோ’ என்றே அவனுக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் மாடத்தில் யோகா செய்கிறார்கள். இவனோ கோட்டும் டையுமாக, கண்ட சுவரிலெல்லாம் தீக்குச்சியை உரசி சிகரெட் பற்றவைக்கிறான். ஓட்டுவது 1948-ஆம் ஆண்டு லிங்கன் கார். யார் எதைச் செய்தாலும் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று நகர்ந்துவிடுகிறான்.

தொடக்கத்தில் வரும் பூனைக் காட்சியை நேரத்தை வீணடிக்கும் காட்சி என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பூனை விரும்பும் உணவு கடையில் இல்லை. வேறு உணவை வாங்கி, பழைய டப்பாவில் போட்டு ஏமாற்றப் பார்க்கிறான். பூனை முகர்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. ஒரு பூனையிடம்கூடப் பொய் எடுபடாத மனிதன், அதே இரவில் நண்பனின் பொய்யை அப்படியே விழுங்குகிறான். முழுக் கதையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது.

போகார்டின் ‘தி பிக் ஸ்லீப்’ (1946) திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான லீ பிராக்கெட்டே இதற்கும் திரைக்கதை எழுதினார். பழைய மார்லோவை அறியாதவர்கள் செய்த வேலை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: படம் முழுக்க வெளிறிப்போய் இருக்கிறதே, பிரதி கெட்டுவிட்டதா?

இல்லை. ஒளிப்பதிவாளர் வில்மோஸ் ஜிக்மண்ட், படம்பிடித்த நெகட்டிவைக் கழுவுவதற்கு முன் அளவாக வெளிச்சம் காட்டினார். இதனால் கறுப்பின் அடர்த்தி குறைந்து, நிறங்கள் மங்கும். நிழலை நம்பிப் பிழைத்த ஒரு வகைப் படத்தை வெயிலில் நிறுத்தினார்கள். கேமராவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்றும் நடக்காத காட்சியில்கூட மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: பாட்டு எத்தனை?

கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று. ஜான் வில்லியம்ஸ் இசை, ஜானி மெர்சர் வரிகள். அதே மெட்டு கடையில் ஒலிக்கிறது, அழைப்புமணியாக வருகிறது, மெக்சிகோவில் சவ ஊர்வல வாத்தியமாகவும் வருகிறது. கவனித்தால் சிரிப்பு வரும்.

கேள்வி: நாவலை நேசிப்பவன் நான். மார்லோ நண்பனைச் சுட்டுக் கொல்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது. நாவலில் டெர்ரி மாற்றிய முகத்தோடு திரும்பி வருகிறான். மார்லோ அவனுக்கு விடைகொடுத்து அனுப்பிவிடுகிறான். அந்த மார்லோவுக்கு அது போதும். ஆனால் இந்தப் படத்தின் மார்லோ, தன் நட்பு ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவன். டெர்ரியோ தான் செய்ததை வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டு, ‘யாருக்கு என்ன கவலை?’ என்கிற தொனியில் பேசுகிறான். இரண்டு மணி நேரம் ஆட்சேபணை இல்லாதவனுக்கு அங்கேதான் ஆட்சேபணை பிறக்கிறது. அதற்குப் பின் அவன் ஆடிக்கொண்டே சாலையில் போவதுதான் எனக்கு உறுத்துகிறது. கொலையை அவ்வளவு லேசாக உதறிவிடுவானா?

கேள்வி: வெளியானபோது ஓடியதா?

முதலில் ஓடவில்லை. வழக்கமான துப்பறியும் படமாக விளம்பரம் செய்து அடிவாங்கினார்கள். திரும்பப் பெற்று, கேலிச்சித்திரக்காரர் ஜாக் டேவிஸ் வரைந்த நகைச்சுவைச் சுவரொட்டியுடன் அதே ஆண்டு மீண்டும் வெளியிட்டார்கள். 2021-இல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்தது.

கேள்வி: தாதாவின் அடியாட்களில் ஒருவர் அர்னால்டு ஸ்வார்ஸ்னெகர் மாதிரியே இருக்கிறாரே?

அவரேதான். மீசையோடு வருகிறார், சட்டையைக் கழற்றுகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெயர்ப்பட்டியலிலும் அவர் இல்லை.