தொப்பிக்கு வந்த கோபம் ஐரீனுக்கு வரலியே சார்?

கேள்வி: லீவுக்கு வந்த பேரன் டிவில ராபர்ட் டவுனி ஜூனியர் நடிச்ச ஷெர்லாக் ஹோம்ஸ் படத்தை போட்டான். பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுசா பார்த்தேன். தொப்பி இல்ல, வளைஞ்ச பைப் இல்ல, 'எலிமென்டரி மை டியர் வாட்சன்' ஒரு தடவ கூட சொல்லல, சட்டைய கழட்டிட்டு குத்துச்சண்டை போடுறார். பேரன் சூப்பர்ங்கிறான், எனக்கு ராத்திரி தூக்கம் வரல. இது கோனன் டாயிலுக்கு செஞ்ச துரோகம் இல்லையா? ஹோம்ஸ் ரசிகர்கள் எப்படி சும்மா விட்டாங்க?
– கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற வாசகர், அருவங்காடு

பதில்: சார், உங்க லெட்டர் நாலு பக்கம், இங்க போட்டிருக்கறது அதோட சாறு மட்டும்தான். நாலு பக்கத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். நீங்க சொல்றது நியாயமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அப்புறம் அலமாரியில இருந்து புஸ்தகத்தை எடுத்து தூசி தட்டி புரட்டினேன், அந்த ஒரு நிமிஷமும் போயிடுச்சு.

உங்களுக்கு அவ்வளவு வேண்டப்பட்ட அந்தத் தொப்பி இருக்கே, அதுக்கு டீர்ஸ்டாக்கர்னு பேரு, அதை டாயில் அந்தப் பேரு சொல்லி எங்கயுமே எழுதல. 1891-ல ஸ்ட்ராண்ட் பத்திரிகைல பாஸ்கோம்ப் வேலி கதை வந்தப்போ, ரயிலேறி கிராமத்துக்குப் போற ஹோம்ஸ் தலையோட ஒட்டுன ஒரு துணித் தொப்பி போட்டிருந்தார்னுதான் எழுதியிருக்கார், படம் போட்ட சிட்னி பேஜெட் அதை காது மூடுற தொப்பியா வரைஞ்சு விட்டுட்டார், அன்னைக்கு ஏறினது இன்னும் இறங்கல. இன்னொரு கதைல காதுமடல் வச்ச பயணத் தொப்பின்னு ஒரு வரி வரும், அதுவும் வெளியூர் போறப்பதான். நம்மூர் கணக்குல சொல்றேன், டிசம்பர் மாசம் காலைல ஆறு மணிக்கு குன்னூர் பஸ் ஸ்டாண்டுல குரங்கு குல்லாவோட நின்னா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, அதே குல்லாவோட மே மாசம் கோயம்புத்தூர் காந்திபுரத்துல இறங்கி நடந்து பாருங்க. லண்டன் தெருவுல ஹோம்ஸ் அந்தத் தொப்பியோட நடந்திருந்தா அதே கதிதான், படத்துக்காரங்க அதை கழட்டினது மரியாதை சார்.

வளைஞ்ச பைப் வில்லியம் ஜில்லெட்னு ஒரு அமெரிக்க நாடக நடிகரோட சரக்கு, 1899-ல இருந்து மேடையில ஹோம்ஸா நடிச்சவர். எலிமென்டரி தனியா வரும், மை டியர் வாட்சன் தனியா வரும், ரெண்டையும் ஒட்டி 4 நாவல் 56 சிறுகதைல ஒரு இடத்துலயும் கிடையாது. ஆக நீங்க டாயிலைக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டு ஒரு படம் வரையறவரையும் ஒரு நாடகக்காரரையும் காப்பாத்திட்டு இருக்கீங்க. அந்த ஜில்லெட்டே டாயிலுக்கு தந்தி அடிச்சு, ஹோம்ஸுக்கு கல்யாணம் பண்ணி வைக்கலாமான்னு கேட்டப்போ, கல்யாணம் பண்ணு, கொலை பண்ணு, என்ன வேணா பண்ணிக்கோன்னு பதில் வந்துச்சாம். பெத்தவரே கைய கழுவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் நீங்க போய் ஸ்டே வாங்குறீங்க.

சண்டைக்கு வர்றேன். உங்க லெட்டர்ல ஒன்றரைப் பக்கம் அதுக்குத்தான் போயிருக்கு. சைன் ஆஃப் ஃபோர் நாவல்ல ஒரு வீட்டு வாசல்ல மக்மர்டோன்னு ஒரு பழைய குத்துச்சண்டைக்காரன் காவலுக்கு நின்னு உள்ள விட மாட்டேங்கிறான், நாலு வருஷம் முன்னாடி உன்கூட மூணு ரவுண்டு ஆடுனேனே மறந்துட்டியான்னு ஹோம்ஸ் கேட்டதும் அவன் முகமே மாறிடும், பேரைச் சொல்றதுக்குப் பதிலா தாடைல அந்த ஒரு குத்து விட்டிருந்தா உடனே கண்டுபிடிச்சிருப்பேனேங்கிறான். எழுதுனது டாயில், டவுனி இல்ல. முதல் நாவல்லயே ஹோம்ஸோட கூட்டாளி வாட்சன் அவரைப் பத்தி ஒரு லிஸ்ட் போடுவார், கம்புச்சண்டை, குத்துச்சண்டை, கத்திச்சண்டை மூணுலயும் கில்லாடின்னு. செத்தப்புறம் அடிச்சா உடம்புல தழும்பு விழுமான்னு பார்க்க பொணத்தை கம்பால அடிச்ச மனுஷன் சார் அவரு. ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து இரும்புக் கம்பியை வளைச்சுக் காட்டி மிரட்டிட்டுப் போவான், இவரு அதை எடுத்து சாவகாசமா நிமித்தி வைப்பார்.

இதெல்லாம் விடுங்க, 1893-ல அருவியில விழுந்து செத்துட்டார்னு டாயில் கதைய முடிச்சதும் ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்கு இருபதாயிரம் பேருக்கு மேல சந்தாவை நிறுத்தினாங்கன்னு சொல்லுவாங்க (எங்க பத்திரிகைக்கு மொத்தமே எத்தனை சந்தான்னு கேட்காதீங்க). அப்புறம் 1903-ல, உங்க ஃபேக்டரி அருவங்காட்டுல தலையெடுத்த காலம்தான் அது, ஹோம்ஸ் திரும்பி வந்தாரே, எப்படி பிழைச்சாராம்? எனக்கு ஜப்பான் மல்யுத்தம் தெரியும், என் பரம எதிரி மோரியார்ட்டி பிடியில இருந்து நழுவிட்டேன், அவன் விழுந்துட்டான்னு சொல்றார். சண்டை தெரியாத ஹோம்ஸா இருந்திருந்தா அந்த அருவியோட கதை முடிஞ்சிருக்கும், நீங்களும் நானும் பாதிக்கு மேல படிச்சிருக்கவே மாட்டோம்.

படத்துல அந்தக் குத்துச்சண்டை சீனை இன்னொரு தடவ பாருங்க, பேரன்கிட்ட ரிமோட்டை வாங்கி. அடிக்கறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள மெதுவா ஓட்டிப் பார்க்கிறார், எங்க அடிச்சா எது உடையும், உடம்பு தேற எத்தனை வாரம், மனசு தேற எத்தனை மாசம்னு, அப்புறம் அதே வரிசைல நிஜத்துல நடக்கும். வந்தவன் முழங்கால் சேற்றைப் பார்த்து எங்க இருந்து வர்றான்னு சொல்ற அதே மூளைதான் அங்க வேலை செய்யுது.

படத்துல ஹோம்ஸோட ரூமும் அப்படியேதான். செவுத்துல துப்பாக்கியால சுட்டு மகாராணி பேரோட முதலெழுத்தைப் போடுறது கதைல உள்ளது, பாரசீக செருப்போட முனைல புகையிலை, கரிக்கூடையில சுருட்டு, பதில் போடாத லெட்டரையெல்லாம் கத்தியால மரத்துல குத்தி வைக்கிறது. பள்ளிக்கூடத்துல துணைப்பாடமா படிச்ச ஹோம்ஸ் குளிச்சு தலைசீவி இருப்பார், அதுதான் நமக்குப் பிரச்னை. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைப்ரரில பதினாலு வயசுல முழுப் புஸ்தகத்தைப் பிடிக்கிற வரைக்கும் எனக்கும் அந்த சுத்தமான ஆளைத்தான் தெரியும். ஜூலை மழைல பூஞ்சை வாசனை அடிக்கிற புஸ்தகம், பாஸ்கர்வில் நாய் கதை, முதல் பக்கத்துலயே எவனோ ஒரு புண்ணியவான் கொலைகாரன் பேரை பென்சில்ல எழுதி வச்சிருந்தான், அப்படியும் விடாம படிச்சேன்னா வெளியில ஜன்னலுக்கு அந்தாண்ட சில்வர் ஓக் மரம் கூட தெரியாத மிஸ்ட்டு, அது ஒரு காரணம்.

ஜூட் லா நடிச்ச வாட்சனைப் பத்தி நீங்க ஒரு வரி கூட எழுதல, எனக்கு அதுதான் ஆச்சரியம். 1939-ல இருந்து 1946 வரைக்கும் வந்த பதினாலு படத்துல நைஜல் புரூஸ் வாட்சனை ஒரு முழிச்சு முழிச்சுப் பார்க்கிற மாமா ஆக்கி வச்சிருந்தார், ஆப்கானிஸ்தான் யுத்தத்துல குண்டடி பட்டு வந்த மிலிட்டரி டாக்டர் சார் அவரு. இந்தப் படம் அவருக்கு கம்பீரத்தை திருப்பிக் கொடுத்துச்சு. காயம் தோள்லயா கால்லயான்னு சண்டை போடாதீங்க, முதல் நாவல்ல தோள்னும் அடுத்ததுல கால்னும் டாயிலே மாத்தி எழுதியிருக்கார், ஒரு கதைல ஜான் வாட்சனை அவரு பொண்டாட்டியே ஜேம்ஸ்னு கூப்பிடுவாங்க. டாயில் ஐயாவுக்கு இதுல எல்லாம் அவ்வளவுதான் அக்கறை.

சரி, அப்போ படம் குத்தமே இல்லாத படமான்னா இல்ல. எனக்கும் ஒரு கோபம் இருக்கு, நாலு பக்க லெட்டர்ல நீங்க தொடவே இல்லாத இடத்துல. ஐரீன் ஆட்லர்.

1891-ல ஸ்ட்ராண்ட்ல வந்த முதல் சிறுகதைய ஞாபகப்படுத்திப் பாருங்க. பொஹீமியா ராஜா முகமூடி போட்டுக்கிட்டு வர்றான், ஒரு பாட்டுக்காரிகிட்ட என் போட்டோ மாட்டிக்கிச்சு, மீட்டுக் கொடுன்னு. ஹோம்ஸ் குதிரைக்காரனா வேஷம் போட்டு, அப்புறம் பாதிரியாரா வேஷம் போட்டு, தீப்பிடிச்சுக்கிச்சுன்னு கலாட்டா பண்ணி போட்டோ இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுட்டு, ஜெயிச்சுட்டோம்னு வீட்டுக்கு வந்து வாசல் கதவுல சாவிய தேடுறப்போ யாரோ ஒரு பையன் குட்நைட் மிஸ்டர் ஷெர்லாக் ஹோம்ஸ்னு சொல்லிட்டுப் போறான். எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு நிக்கிறார், அவ்வளவு பெரிய மூளைக்கு அது யாருன்னு பிடிபடல. மறுநாள் போனா வீடு காலி. புருஷனோட ஊரை விட்டே போயிட்டா, ராஜா போட்டோவை கையோட எடுத்துக்கிட்டு, ஹோம்ஸுக்கு ஒரு லெட்டரும் தன்னோட போட்டோ ஒன்னும் வச்சுட்டு. ராஜா மோதிரத்தைக் கழட்டிக் கொடுக்கிறான், இவரு வேண்டாம், அந்தப் பொண்ணு போட்டோ போதும்ங்கிறார், ராஜா நீட்டுன கையைக் கூட கவனிக்காம திரும்பி நடக்கிறார். அந்த ஒரு கதைதான் சார் அவளுக்கு. யாருக்கும் வேலை செய்யல, யாரையும் மயக்கல, ஹோம்ஸை லவ் பண்ணல, தன் பாட்டுக்கு ஜெயிச்சுட்டு தன் பாட்டுக்கு போயிட்டா.

படத்துல அவளை என்ன பண்ணாங்க? திருடி. மோரியார்ட்டி சொல்றபடி ஆடுற கைக்கூலி. கடைசில ஹோம்ஸ்தான் காப்பாத்தணும். 2011-ல வந்த ரெண்டாம் பாகத்துல ஆரம்பத்துலயே விஷம் வச்சு முடிச்சுட்டாங்க, ஹோம்ஸுக்கு கோபம் வரணும்ல, அதுக்கு. தோக்கடிச்சவளை தூண்டிலுக்கு புழுவா மாட்டுறது. தொப்பி போனதுக்கு தூக்கம் வரல உங்களுக்கு, இதுக்கு நல்லா தூங்கியிருக்கீங்க.

ரசிகர்கள் சும்மா விட்டாங்களான்னா, விடல. 2009-ல படம் வந்தப்போ உங்களை மாதிரியே ஒரு கூட்டம் திட்டுச்சு, இன்னொரு கூட்டம் அப்பாடா இப்பதான் குத்துச்சண்டை தெரிஞ்ச ஹோம்ஸ் வந்தார்னு சொல்லுச்சு, ரெண்டாவது கூட்டத்துல பாதிப் பேரு கதைகளை கரைச்சுக் குடிச்சவங்க. அடுத்த வருஷமே பிபிசி ஒரு சீரியல்ல ஹோம்ஸை இந்தக் காலத்துக்குக் கொண்டு வந்து கைல செல்போனைக் கொடுத்துச்சு, 2012-ல அமெரிக்காவுல வாட்சனை பொண்ணாவே ஆக்கிட்டாங்க. 1942-லயே பாசில் ராத்போன் ஹோம்ஸா வந்து ஹிட்லர் ஆளுங்களைப் பிடிச்சார், இன்னைக்கு அவருதான் உங்களுக்கு ஒரிஜினல்.

நம்ம ஊர்ல இது புதுசா? ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இங்கிலீஷ் கதைகளுக்கு வேட்டி புடவை கட்டி விட்டதுலதான் தமிழ் துப்பறியும் கதையே நடக்கக் கத்துக்கிச்சு. 1978-ல ப்ரியா படத்துல ரஜினி வக்கீல் கணேஷா வந்தார், லண்டன்ல நடந்த கதை சிங்கப்பூருக்குப் போயிடுச்சு, சுஜாதா வாசகர்கள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புவாங்க, ஆனா பாட்டு வந்தா வால்யூமைக் கூட்டுவாங்க. தமிழ்வாணனோட சங்கர்லால் வாய்க்கு வாய் டீ குடிப்பாரே, நாளைக்கு யாராவது படம் எடுத்து அவரு கைல காபி டம்ளரைக் கொடுத்தா மட்டும் நான் பச்சைத் தேயிலை விவசாயிங்களைக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு வருவேன், அது வேற விஷயம், அது நம்ம வயித்துப் பிழைப்பு.

பேரன் ஊருக்குப் போறதுக்குள்ள அந்த பொஹீமியா கதைய ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க, அரை மணி நேரம்தான் ஆகும். ஜெயிச்சது யாருன்னு அவனையே கேளுங்க.

அப்புறம், ஆத்தோரம் வரிசையா வெடிச்சுக்கிட்டே வர்ற அந்த சீன்ல புகையோட கலரும் சத்தமும் தப்புன்னு முக்கால் பக்கம் எழுதியிருந்தீங்க. அதுல நீங்க சொன்னா சரிதான் சார், நான் தலையிடல.