ட்யூனை மொத்தமாக எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் படிக்கிறேன். கல்லூரி ஜாஸ் குழுவில் டிராம்போன் வாசிக்கிறேன். நான் போட்ட ட்யூன் ஒன்றை 500 டாலருக்கு மொத்தமாக வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். "உன் பெயரோடு என் பெயரும் இருக்கும், அவ்வளவுதான்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

உங்களைப் போலவே டிராம்போன் வாசித்த ஒருவருக்கு நடந்ததையே சொல்கிறேன். ஹுவான் டிசோல், 1900-ல் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1920-ல் ஒரு குழுவோடு வாஷிங்டன் வந்து, 1929-ல் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்தார். நீங்கள் ஸ்லைடு குழாயை இழுத்து வாசிப்பீர்கள். அவருடையது டிரம்பெட் மாதிரி வால்வை அழுத்தி வாசிக்கும் டிராம்போன். அதனால் வேகமான இடங்களில் சாக்ஸபோன்களோடு சேர்ந்தே ஓடுவார். மனோதர்மமாக வாசிப்பது அபூர்வம். எலிங்டன் எழுதியதைப் பிரித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுக்கும் பொறுமையான வேலையும் அவருடையது.

அவ்வளவு கவனமான மனிதர்தான் 'கேரவன்' ட்யூனை 25 டாலருக்கு விற்றார். வாங்கியவர் எலிங்டனின் மேனேஜரும் பதிப்பாளருமான இர்விங் மில்ஸ். 1936 டிசம்பரில் அதன் முதல் ரெக்கார்டிங் நடந்தது. இன்றைக்கும் டிசோல், எலிங்டன், மில்ஸ் என்று மூன்று பெயர்கள் போடுகிறார்கள். ட்யூன் ஓகோவென்று ஓடிய பிறகு டிசோல் போய்க் கேட்க, மில்ஸ் ராயல்டியில் ஒரு பங்கு கொடுத்தார். கொடுத்தாரே என்று நீங்கள் தைரியம் கொள்ள வேண்டாம். நான் பார்த்த இடைத்தரகர்களில் பாதிப் பேர் போனையே எடுப்பதில்லை.

"என் பெயரும் இருக்கும்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது மரியாதைக்காகப் போடும் பெயர் அல்ல. எழுதியவருக்கு வரும் பணத்தில் பங்கு. ஒரு ஸ்வரம்கூடப் போடாதவருக்கு அது எதற்கு? டிசோல் 1944-ல் ஹாரி ஜேம்ஸ் குழுவுக்குப் போனார், 1951-ல் எலிங்டனிடம் திரும்பினார், பிறகு மறுபடியும் ஜேம்ஸ். குழுவை விட்டால் சம்பளம் நின்றுவிடும், ராயல்டி நிற்காது. அவர் 1984-ல் இறந்தார். 'கேரவன்' அமெரிக்காவில் இன்னும் காப்பிரைட்டில்தான் இருக்கிறது.

"35 வருடம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். 1978 முதல் எழுதிக் கொடுத்தவற்றுக்கு அமெரிக்கச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும். ஆனால் 'வொர்க் மேட் ஃபார் ஹையர்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கூலிக்குச் செய்த வேலை என்று அர்த்தம். அப்படியானால் சட்டத்தின் கண்ணில் ட்யூனைப் போட்டது நீங்களே அல்ல, அவர். திரும்பக் கேட்க உங்களுக்கு எதுவும் இல்லை. மாதச் சம்பளத்துக்குப் போட்டதென்றால் அந்த வரி செல்லும். சினிமாவுக்கென்று கேட்டு, எழுத்தில் ஒப்புக்கொண்டு செய்தால் அப்போதும் செல்லும். நீங்களாக வீட்டில் உட்கார்ந்து போட்ட ட்யூன், அந்த வரியை எழுதியதாலேயே கூலி வேலை ஆகிவிடாது. ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிக்க 500 டாலர் போதாது. போன வருடம் ஒரு பையன் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் அந்த வரி பதினோராம் பக்கத்தில், முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும் என்ற பத்திக்குள் இருந்தது.

விற்பதற்குப் பதில் லைசென்ஸ் கொடுங்கள்: இந்த ரெக்கார்டிங்குக்கு, இத்தனை வருடத்துக்கு என்று. எழுதியவர் பங்கை விடாதீர்கள். பணத்தை வசூலித்துத் தர அமைப்புகள் இருக்கின்றன. மேடை, ரேடியோ பணத்துக்கு ஆஸ்காப் அல்லது பிஎம்ஐ. ஸ்ட்ரீமிங்கில் ட்யூனுக்கான மெக்கானிக்கல் பணத்துக்கு, அதாவது ட்யூனைப் பிரதி எடுப்பதற்கான பணத்துக்கு, எம்எல்சி. நீங்கள் வாசித்த ரெக்கார்டிங் டிஜிட்டல் ரேடியோவில் ஓடினால் சவுண்ட் எக்ஸ்சேஞ்ச். ஒரே ட்யூனுக்கு மூன்று வாசல், மூன்று ஃபாரம்! இப்படி அலைய வைத்தால் பிள்ளைகள் தரகரிடம் போகாமல் எங்கே போவார்கள்? இருந்தாலும் நீங்களே பதிவு செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை போகும்.

பதிவை முடித்துவிட்டு அவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்கள் பெயர் இல்லாமல், இரண்டு வருட லைசென்ஸுக்கு எவ்வளவு தருவீர்கள்?" அவர் எழுத்தில் தரும் பதிலை எனக்கு அனுப்புங்கள்.