துருத்தியின் மூச்சு

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. கீபோர்டில் பாடத்தை வாசிப்பதைவிட, தானாக மெட்டுப் போடுவதில்தான் அவளுக்கு ஆசை. "எல்லாம் தப்பு" என்று கிளாஸில் திட்டுகிறார்கள். மேற்கத்திய செவ்வியல் இசையில் இசையமைத்துப் பேர் வாங்கிய பெண்கள் உண்டா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: நிறையப் பேர் இருக்கிறார்கள் அம்மா. என் மனசுக்கு நெருக்கமான ஒருவரை மட்டும் சொல்கிறேன். சோபியா குபைதூலினா. 1931-இல் சோவியத் நாட்டின் தாத்தார் பகுதியில் பிறந்தவர். மாஸ்கோவில் படித்தபோது, தவறான பாதையில் போகிறார் என்று இவரையும் குறை சொன்னார்கள். பெரிய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்தான், அந்தத் 'தவறான' பாதையிலேயே தொடர்ந்து போகச் சொன்னவர். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

லேசான பாதை இல்லை அது. 1979-இல் இசையமைப்பாளர் சங்க மாநாட்டில் பேர் சொல்லிக் கண்டிக்கப்பட்ட ஏழு பேரில் இவரும் ஒருவர். சினிமாவுக்கு இசையமைத்துத்தான் வயிற்றைக் கழுவினார். ரஷ்யர்கள் எடுத்த மௌக்லி கார்ட்டூனுக்கு இசை இவருடையது!

ராயபுரத்தில் என் அப்பா ஹார்மோனியம் பழுது பார்த்தவர். எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை மட்டும் அசைத்து, பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். புஸ்ஸென்று காற்று போனால், எங்கோ தோல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். தேடிப் பிடித்து ஒட்டுவார். அப்பா அடைக்கப் பார்த்த அந்தச் சத்தத்தைக் குபைதூலினா இசையாகவே எழுதினார். 'பயான்' என்பது ரஷ்யர்களின் பொத்தான் அக்கார்டியன். 1978-இல் அதற்கு எழுதிய 'டி புரொஃபண்டிஸ்' என்ற படைப்பில், சுரமே இல்லாமல் துருத்தியின் காற்று மட்டும் வரும். பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது போல இருக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு மகளோடு உட்கார்ந்து கேளுங்கள்.

அப்புறம் 'ஆஃபர்டோரியம்' என்ற வயலின் கான்செர்டோ, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. ஜெர்மன் இசைமேதை பாக் கையாண்ட பழைய மெட்டு ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு சுரமாகக் கழித்துக்கொண்டே போய், ஒற்றைச் சுரத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். பிறகு அங்கிருந்து திரும்பக் கட்டுவார். வயலின் கலைஞர் கிடோன் கிரெமர் இதை ஊர் ஊராக வாசித்த பிறகுதான் உலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது. 2025 மார்ச்சில், 93 வயதில், ஜெர்மனியில் காலமானார்.

கிளாஸை நிறுத்திவிடாதீர்கள், கை பழக வேண்டும். ஆனால் அவள் போடும் மெட்டு ஒன்றையும் விடாமல், தேதி சொல்லி செல்போனில் பதிந்து வையுங்கள்.