போத்கயாவில் ஒரு புகைப்படம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குச் சிராத்தம் செய்யக் கயைக்குப் போயிருந்தோம். மறுநாள் போத்கயா. மகாபோதி கோயில் வளாகத்தில் வயதான திபெத்தியப் பிக்குணி ஒருவர் பலகைமேல் விழுந்து விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் படம் எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது. கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டுமோ? பௌத்தர் அல்லாத நமக்கு அங்கே என்ன வேலை என்றும் தோன்றியது.

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

கேட்டிருந்தாலும் சரியாகியிருக்காது. அந்த அம்மா செய்தது பெரும்பாலும் எண்ணிக்கை வைத்துச் செய்யும் வழிபாடாக இருக்கும். திபெத்திய மரபில், மேற்கொண்டு தியானப் பயிற்சிக்குப் போகுமுன் ஒரு லட்சம் முறை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுவார்கள். நாளுக்கு ஆயிரம் என்றாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் அதற்காகவே வந்து தங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பலகையைக் கவனித்தீர்களா? கைகள் சறுக்கிப்போகும் இடத்தில் மரம் வழவழவென்று மெருகேறியிருக்கும். உள்ளங்கை உராயாமல் இருக்கத் துணித்திண்டு வைத்துக்கொள்வார்கள். நம் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவரை நிறுத்தி, 'படம் எடுக்கலாமா?' என்று கேட்போமா? அங்கே அனுமதி கேட்பதும் இடையூறுதான். எடுக்காமல் விடுவது ஒன்றே வழி. கேமராவுக்குச் சீட்டு வாங்கியது கோபுரத்துக்கும் சிற்பங்களுக்கும், கும்பிடுகிறவர்களுக்கு அல்ல.

ஆனால் 'நமக்கு என்ன வேலை' என்பதை நான் ஏற்கவில்லை. கயைக்குப் போகிறவர்கள் போத்கயாவுக்கும் போவது பழைய வழக்கம். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயில் நிர்வாகக் குழுவிலேயே இந்துக்களும் இருக்கிறார்கள். நிர்வாகம் முழுக்கத் தங்களிடம் வர வேண்டும் என்று பௌத்தர்கள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். ஆனால் நிர்வாக உரிமை வேறு, போய் வணங்குவது வேறு. விருந்தாளியாக யாரும் போகலாம்.

மறுபடி போனால் நடை திறக்கும் ஐந்து மணிக்கே போய்விடுங்கள். கோயிலை வலமாகச் சுற்றிவிட்டு, மேற்குப்புறம் போதிமரத்தருகே ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். இப்போதுள்ள மரம், பழையது 1876இல் சாய்ந்த பிறகு பிரிட்டிஷ் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் காலத்தில் நட்டது. இலை விழாதா என்று காத்திருப்பவர்களைப் பார்ப்பீர்கள். உங்கள் பக்கம் ஒன்று விழுந்தால், பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து அருகில் உட்கார்ந்திருப்பவருக்கு விட்டுக்கொடுங்கள்.

அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். இன்றே அழித்துவிடுங்கள்.