வாய்க்காலில் கிடைத்த ஆமைக்குஞ்சு

தோவாளை வாய்க்காலில் எடுத்த குஞ்சு, வாளி நிறையத் தண்ணீர், இரண்டு நாளாகச் சோறும் பிஸ்கட்டும் தொடவில்லை என்கிறீர்கள். தொடாது தம்பி. உள்ளே இழுத்துக்கொள்ளும்போது அடியில் இரண்டு தோல் மடிப்புகள் பின்னங்கால்களைக் கதவு போல மூடுகின்றனவா? அப்படியென்றால் பாலாமை, மண்புழு, நத்தை, தலைப்பிரட்டை தின்கிற உயிர். முதலில் அந்த வாளியை மாற்றுங்கள், ஏறி உட்கார இடமில்லாமல் நீந்தி நீந்தியே குஞ்சு களைத்துப்போகும். அகலமான சருவத்தில் ஓடு மூழ்குமளவு வாய்க்கால் தண்ணீர் (குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்), ஏறி உட்காரச் சரித்து வைத்த கூரை ஓட்டுத்துண்டு, நிழல், அதுவும் இன்றைக்கு மட்டும். வளர்க்க முடியாது, 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. நாகர்கோவில் வன அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். அப்புறம், எங்கள் தெருக்காரர் ஒருவர் "ஆமைதானே" என்று சங்குத்துறைக் கடலில் கொண்டு விட்டார், அந்தப் புண்ணியத்தை நீங்களும் செய்துவிடாதீர்கள், இது நன்னீர் ஆமை.