எஞ்சின் இல்லாத பார்ஜுக்கும் பதிவு வேண்டுமா?

கேள்வி: நாகர்கோவிலில் வசிக்கிறேன். கொச்சியிலிருந்து வேம்பநாட்டுக் காயல் வழியாக ஆலப்புழைக்கு எம்-சாண்ட் ஏற்றிச் செல்ல, பழைய இரும்பு பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) ஒன்றை 2023-இல் வாங்கினேன். நீளம் 30 மீட்டர், அகலம் 8 மீட்டர், எஞ்சின் கிடையாது. அதனால் பதிவு தேவையில்லை என்று விற்றவர் சொன்னார். ஜூலை மழையில் வாடகை டக் (இழுவைப் படகு) இழுத்துச் சென்றபோது, பாதிராமணல் தீவுக்கு அருகே ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கிவிட்டது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். பதிவும் சர்வே (படகின் தகுதி ஆய்வு) சான்றிதழும் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. பார்ஜை அகற்றும்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. மணலுக்கு உரியவரும் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: விற்றவர் சொன்னது பழைய காலத்துச் செய்தி. 1917-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரத்தால் ஓடும் கலங்களைப் பற்றியே பேசியது. அதன் இடத்தில் வந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. 'இயந்திரத்தால் செலுத்தப்படும் கலம்' என்ற வரையறைக்குள்ளேயே, வேறொரு கலத்தால் இழுக்கப்படும் அல்லது தள்ளப்படும் எஞ்சினற்ற கலங்களையும் பார்ஜ்களையும் அது சேர்த்துவிட்டது. கயிற்றின் மறுமுனையில் எஞ்சின் இருந்தால் போதும். ஆகவே உங்கள் பார்ஜுக்கும் சர்வே, பதிவு, மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மூன்றும் கட்டாயம். பதிவு இல்லாமல் ஓட்டியது தனிக் குற்றம், அதற்கு அபராதம் உண்டு. அதை மறுத்து வாதாட வேண்டாம்.

இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டும். நரிந்தர் சிங் வழக்கில் (2014), தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டி விபத்துக்குள்ளானது. சுஷில்குமார் கோதாரா வழக்கில் (2021), அப்படிப்பட்ட வண்டி திருடுபோனது. இரண்டிலும் பதிவின்மை பாலிசியின் அடிப்படையையே மீறும் செயல் எனச் சொல்லி இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள். இவை சாலை வண்டி வழக்குகள்தான், ஆனால் தர்க்கம் உங்களுக்கும் பொருந்தும். லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பக்கம் இருக்கும் ஆயுதம் வேறு: பாலிசி போட்ட நாளில் நிறுவனத்துக்கு என்ன தெரியும்? விண்ணப்பப் படிவத்தில் பதிவு எண் கட்டத்தைக் காலியாக விட்டீர்களா? அவர்களுடைய ஆள் வந்து பார்ஜைப் பார்த்துப் படம் எடுத்தாரா? பதிவு இல்லை என்று தெரிந்தே பிரீமியம் வாங்கியவர், விபத்துக்குப் பிறகு அதையே காரணம் காட்ட முடியாது என்பதற்கு 2022-இல் வந்த டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் தீர்ப்பு நல்ல துணை. விலக்கு நிபந்தனையை (இன்ன நிலையில் இழப்பீடு இல்லை என்ற ஷரத்தை) மீறித்தான் தொழில் நடக்கும் என்று தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அந்த நிபந்தனைக்குள் ஒளியக்கூடாது என்பது அதன் சாரம். மாறாக, படிவத்தில் 'பதிவு செய்யப்பட்டது' என்று நீங்கள் எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே பாதி முடிந்தது. விண்ணப்பப் படிவத்தின் நகலையும், பாலிசிக்கு முன் எடுத்த ஆய்வறிக்கையையும் உடனே எழுத்தில் கேளுங்கள்.

இதற்கடுத்த சண்டை, ஏன் மூழ்கியது என்பதில். பாலிசி ஓராண்டுக் காலத்துக்கானது என்றால், கடல்சார் இன்சூரன்ஸ் சட்டம், 1963-இன் 41-வது பிரிவுப்படி, பார்ஜ் நல்ல நிலையில் இருந்தது என்று நீங்கள் உறுதிமொழி கொடுத்ததாகச் சட்டம் தானாக எடுத்துக்கொள்ளாது. பழுது இருப்பது தெரிந்தே நீங்கள் அனுப்பியிருக்க வேண்டும், அந்தப் பழுதால் இழப்பு நேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் நிறுவனம் தப்பிக்கும்.

நீங்கள் சொல்லும் அளவுகளை வைத்துப் பார்த்தால் இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. சரக்குக் குழி 24 மீட்டருக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சென்டிமீட்டர் மழைநீர் நின்றால் 14.4 டன், பார்ஜ் 6 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். மணல் தண்ணீரைக் குடித்துக்கொள்வதால் மேலே நிற்பது கண்ணுக்குத் தெரியாது. இது மட்டும் பார்ஜைக் கவிழ்க்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம். குழியின் இருபுறமும் 1 மீட்டர் அகலத்தில் உள்ள வெற்று அறைகளுக்கு டெக்கில் மேன்ஹோல் மூடிகள் இருக்கும். மூடியின் கேஸ்கெட் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டை) காய்ந்து வெடித்திருந்தாலோ, நாலு போல்ட்டுக்கு ரெண்டு போல்ட்டோடு விட்டிருந்தாலோ, அலை ஏறும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே இறங்கும். 2 மீட்டர் ஆழமான அறை என்றால் ஒரு பக்கம் மட்டும் 48 டன் கொள்ளும். பாரம் ஏற்றியபின் டெக் விளிம்பு நீருக்கு மேல் 30 சென்டிமீட்டர்தான் இருந்தது என்றால், அறை பாதி நிறைவதற்குள் விளிம்பு நீருக்குள் போய்விடும். பிறகு தாமதமே இருக்காது. புறப்படுமுன் ஒவ்வொரு அறையிலும் கோல் விட்டு நீர் அளந்தார்களா, பாரக்குறி (எவ்வளவு அமிழலாம் என்று காட்டும் கோடு) எங்கே நின்றது என்று எழுதி வைத்தார்களா என்பதுதான் விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும்.

அதனால் பார்ஜைத் தூக்கும் வேலைதான் உங்கள் வழக்கின் மிக முக்கியமான நாள். நோட்டீஸை அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் எடுக்காவிட்டால் அதிகாரிகளே அகற்றிச் செலவை உங்களிடம் வசூலிக்க முடியும். பாலிசியில், மூழ்கிய பார்ஜை அகற்றும் செலவு அடங்குமா என்றும் பாருங்கள். தூக்கும் தேதியை இன்சூரன்ஸ் நிறுவனம், டக் உரிமையாளர், மணல்காரர் மூவருக்கும் பதிவுத் தபாலில் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் செலவில் ஒரு கப்பல் சர்வேயரை வைத்து, மூடிகள், போல்ட்டுகள், அடித்தகட்டின் தடிமன், கிழிசல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தகட்டில் புதுக் கிழிசல் இருந்தால், ஏதோ மோதி ஓட்டை விழுந்தது என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அப்போது அது விபத்து, பராமரிப்புக் குறை அல்ல. கழற்றிய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இப்போது யாராவது முன்தேதியிட்டுப் பதிவுச் சான்று வாங்கித் தருவதாகச் சொன்னால், வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சிவில் வழக்கு ஒரே நாளில் மோசடி வழக்காகிவிடும்.

எங்கே வழக்குப் போடுவது? தொழிலுக்காக எடுத்த பாலிசி என்பதால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்பார்கள். ஆனால் இன்சூரன்ஸ் லாபம் ஈட்டுவதற்கல்ல, இழப்பை ஈடுகட்டுவதற்கே என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், ஆலப்புழைக்கு அலைய வேண்டாம். கட்டிய பிரீமியம் 50 லட்சம் வரை என்றால் நாகர்கோவில் மாவட்ட ஆணையமே போதும். நிராகரிப்புக் கடிதத் தேதியிலிருந்து 2 ஆண்டுகள் காலக்கெடு. தொழில்நுட்பச் சாட்சியம் அதிகம் என்று சொல்லி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லும் ஆபத்து உண்டு. தெளிவான சர்வேயர் அறிக்கை இருந்தால் அது குறையும்.

மணல்காரருக்கு இப்போதே எதையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 151, 152 பிரிவுகளின்படி, நியாயமான கவனத்தோடு சரக்கைக் காத்தீர்களா என்பதே முக்கியம். அதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. டக் உரிமையாளருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். பார்ஜ் நல்ல நிலையில் இருக்க வேண்டியது உங்கள் பாடு. வானிலை எச்சரிக்கையை மீறிப் புறப்பட்டதும், சாய்வு தெரிந்த பிறகும் வேகத்தைக் குறைக்காததும் டக் மாஸ்டரின் (அதை ஓட்டும் தலைவரின்) பாடு. டக்கில் ஜிபிஎஸ் இருந்தால் அன்றைய பயணப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அந்த நோட்டீஸிலேயே கேளுங்கள். பல கருவிகள் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும், இந்த வாரமே அனுப்புங்கள்.