புகையைக் கண்ணால் பார்த்துச் சதவீதம் சொல்வது குத்துமதிப்பு தானே?

கேள்வி: "எங்கள் ஆலையில் என்னை ஸ்மோக் ஸ்கூலுக்கு அனுப்புகிறார்கள். புகைபோக்கியை வெறும் கண்ணால் பார்த்து இத்தனை சதவீதம் என்று எழுத வேண்டுமாம். இது குத்துமதிப்பு தானே?"

இல்லை. அந்தக் 'குத்துமதிப்பு' என்ற சொல்லைப் பார்த்த பிறகு சும்மா போக மனம் வரவில்லை. உங்களுக்கு மேலே இருப்பவர் யாரோ சொல்லித்தான் இது உங்கள் காதில் விழுந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

லூயிசியானாவில் ஒரு காகித ஆலையில் ஏழு வருடம் இந்த வேலை பார்த்தேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மெத்தட் 9 என்ற விதிப்படிதான் புகையைப் 'படிப்போம்', அதாவது பார்த்து எண் எழுதுவோம். புகை தனக்குப் பின்னால் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் ஒபாசிட்டி. ஒன்றுமே தெரியாவிட்டால் 100. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் கட்டம் போட்ட அட்டையைப் புகையோடு ஒப்பிடும் முறையை 1888 வாக்கிலேயே கொடுத்துவிட்டார். ஆனால் அது கரும்புகைக்கு மட்டும்தான் உதவும்.

ஸ்மோக் ஸ்கூலில் ஒரு மைதானத்தில் சின்னப் புகைபோக்கியை நிறுத்திவைத்து, 25 கரும்புகை, 25 வெண்புகை விடுவார்கள். உள்ளே இருக்கும் கருவிக்கு மட்டும்தான் விடை தெரியும். ஒரே ஒரு புகையில் 15-க்கு மேல் தவறினாலும் தோல்வி. கறுப்பு, வெள்ளை இரண்டிலும் தனித்தனியே சராசரிப் பிழை 7.5-ஐத் தாண்டக்கூடாது. தேறினாலும் ஆறு மாதம்தான் செல்லும், பிறகு மறுபடி எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு எழுதித்தான் வேலையில் நீடிக்க முடியும் என்கிற நிலைமை எத்தனை மேலாளர்களுக்கு இருக்கிறது?

என் கதைக்கு வருகிறேன். மரப்பட்டை எரிக்கும் பாய்லர், அதன் புகையைத் தண்ணீர் தெளித்துக் கழுவும் ஸ்க்ரப்பர். ஈரப் புகையில் நீர்த்துளி இருப்பதால் ஒபாசிட்டி மீட்டர் சரியாக வேலை செய்யாது, கண்தான் கதி. ஜனவரி மாதக் காலை, நல்ல குளிர், மேகமில்லாத நீல வானம், வடகாற்று. சூரியன் முதுகில் படும்படி, புகை எனக்குக் குறுக்கே போகும்படி ஆலைக்குக் கிழக்கே வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற மேலாளர், "எல்லாம் வெறும் நீராவி, 10 என்று போடு" என்றார்.

நீராவிதான், மறுக்கவில்லை. வெள்ளையாகப் பருத்துப் போய், ஓரிடத்தில் பஞ்சைப் பிய்த்தது போலக் கிழிந்து காணாமல் போனது. ஆனால் அதைத் தாண்டியும் நீலம் கலந்த ஒரு சாம்பல் கீற்று தெற்கே போய்க்கொண்டிருந்தது. வெறும் ஆவி என்றால் அங்கே வானம் மட்டும்தானே தெரிய வேண்டும்? அந்த இடத்தில்தான் படிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்கக்கூடாது. 15 விநாடிக்கு ஒருமுறை ஒரு பார்வை, ஒரு எண், உடனே கண்ணை எடுத்துவிட வேண்டும். 25, 25, 30, 30 என்று ஆறு நிமிடத்தில் 24 எண்கள் எழுதினேன். சராசரி 27. எங்களுக்கு எல்லை 20. அவர் எதிரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்க்ரப்பரைத் திறந்தார்கள். தண்ணீர் தெளிக்கும் நாசில்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்புப் படிவு அடைத்துக் கிடந்தது. அறிக்கையில் 'வழக்கமான பராமரிப்பின்போது கண்டறியப்பட்டது' என்று எழுதினார்கள். என் தாளைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்றைக்கும் அது ஆறவில்லை.

"கண் ஏமாற்றும்" என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏமாற்றும், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைப் புகையை வெள்ளை மேகத்தின் முன்னால் பார்த்தால் குறைவாகத்தான் படிப்போம். அந்தப் பிழை ஆலைக்குச் சாதகமான பிழை என்பதையும் கவனியுங்கள். ஒபாசிட்டியை வைத்துத் தூசு எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல முடியாது, கந்தக டை ஆக்சைடு கண்ணுக்கே தெரியாது. அதெல்லாம் முடியும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கேமராவில் படம் எடுத்துக் கணக்கிடும் முறையும் வந்துவிட்டது, நல்லதுதான்.

ஊரில் ஒரு கல்யாணத்தில் சித்தப்பா நாலு பேர் முன்னால், "புகையை அண்ணாந்து பார்க்கவா இவன் அமெரிக்கா போனான்?" என்று கேட்டார். கணினி முன்னால் உட்கார்ந்தால்தான் வேலை என்று நம் ஆட்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதே வீட்டில் அடுப்புப் புகையைப் பார்த்தே "ஈர விறகை வைத்திருக்கிறாய்" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பார் என் அப்பாயி. ஒருநாளும் தவறியதில்லை. அதைச் சித்தப்பாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் ஸ்கூலுக்குப் போய் வாருங்கள். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போடுபவர் என்றால் சாதாரணக் கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள். வெண்புகையில் 20-க்கும் 30-க்கும் நடுவில்தான் திணறுவீர்கள். முதல் தடவை நானும் அங்கேதான் தவறினேன், மதியம் மறுபடி எழுதித் தேறினேன்.